ஆறு பேரு வாசிக்கிறாக

12.7.2004
த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது, வேலை போச்சு. சுற்றியிருக்கிற திராட்சைத் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்துவிட்டன. ரூமுக்கு நாலு சுவரிலும் போடி இலவம்பஞ்சு மெத்தை அடித்திருக்கிறோம். மோட்டார் அதற்கெல்லாம் அசருமா? தரை வழியாக ஏறி மைக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கர்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, விவசாயி மகன் என்று பார்க்காமல் தன்னையே பழிவாங்குகிறதே என்று புலம்பினான். எனக்குச் சிரிப்பு. வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கீழே ரஹ்மத் அக்கா வீட்டில் டீ குடித்தோம். மாடியைப் புருஷன் பெண்டாட்டி எங்களுக்கு ரெக்கார்டிங் ரூமாக விட்டிருக்கிற புண்ணியவதி.

இந்த வம்பெல்லாம் மதுரைக் கேசட் கம்பெனிக்காரர் ஆரம்பித்து வைத்தது. குச்சனூர் சனீஸ்வரனுக்கும் மாதாவுக்கும் தர்காவுக்கும் இதுவரை ஒரே கீபோர்டை வைத்துத்தான் கர்ணன் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். போன மாதம் அவர் கேட்டுவிட்டு, "வயலினா தம்பி இது, அரிசி மில்லா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை இவன்.

15.7.2004
இவன் திட்டம் இதுதான். நான் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசிக்க வேண்டும் — மெதுவாக, பலமாக, நீட்டி, குட்டையாக. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அப்புறம் கீபோர்டில் கட்டையை அமுக்கினால் என் சுரம் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு கூட்டமே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்குமாம்.

"இது நல்லா அமஞ்சிருச்சுன்னா மெட்ராஸ்தான் மணி. ரெண்டு பேரும் போயிருவோம்" என்றான்.

ரெண்டு பேரும். அதை இங்கே எழுதி வைக்கிறேன், அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

20.7.2004
விளங்கவில்லை. எத்தனை முறை வாசித்து அடுக்கினாலும் ஒரே ஆள் குண்டாகி வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. நான் ரொம்பச் சுத்தமாக வாசிக்கிறேனாம். எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து வில் பிடித்த கை, எப்படிக் கோணும்? கூட்டம் என்றால் ஒருத்தர் முந்தணும், ஒருத்தர் பிந்தணும், ஒருத்தருக்குக் கை நடுங்கணும் என்கிறான். வேண்டுமென்றே தப்பாக வாசித்துப் பார்த்தேன். தப்பாகத்தான் இருந்தது.

கோபத்தில் ஒரு பேச்சு வந்துவிட்டது. உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளத்தானே குழுவை விட்டுவிட்டு வந்தேன், அங்கே என் வாசிப்பை யாரும் குறை சொன்னதில்லை என்றேன். குழுவில் யாரும் வராதே என்று சொல்லவில்லை. பதிவுத் திருமணம் முடிந்தபின் நானாகத்தான் போகவில்லை, எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று. இவன் எழுந்து மைக் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். பாவமாக இருந்தது.

23.7.2004
கண்டுபிடித்துவிட்டேன். நான்! இவன் இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலிகளை மைக்கைச் சுற்றி வளைத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ஆள். முதல் நாற்காலியில் சந்தனம்மாள், எங்கள் குழுவில் பாடுகிற பெரியம்மா. வரி கடைசியில் குரல் நடுங்கும், அதைப் பக்தி என்று சொல்லிக்கொள்ளும். அடுத்து மலையம்மாள், மாமியார் தோட்டத்தில் குலை வெட்ட வருகிறவள். எல்லாருக்கும் பின்னால்தான் ஆரம்பிப்பாள், ஆனால் எல்லாரும் நிறுத்தின பிறகுதான் நிறுத்துவாள். அதற்கடுத்து, தெரு முக்கில் பூக்கட்டும் முத்துப்பேச்சி. அவள் அவசரத்துக்குச் சாமியே பின்னால்தான் வரணும். நாலாவது, கீழ் வீட்டு ரஹ்மத் அக்கா. பேரப்பிள்ளை தூங்கும்போது பேசுகிற மாதிரியே எப்போதும் பேசும்.

நாற்காலி மாறி உட்கார்ந்து, அவளாகவே நினைத்துக்கொண்டு வாசித்தேன். தப்பு எதுவும் பண்ணவில்லை. மலையம்மாள் பிந்துவது தப்பா என்ன, அவள் சுபாவம் அது.

நாலையும் சேர்த்துப் போட்டுக் கேட்டபோது கர்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

29.7.2004
ஐந்தாவது நாற்காலி அக்கம்மாள் அத்தை. வேறு யார்? இவனைப் பெற்ற மகராசி. நான் கிறிஸ்தவச்சி என்று வீட்டில் என்னிடம் நேரே பேசுவதில்லை, சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்லுவாக. "அந்த வேதக்காரப் பிள்ளை எந்திரிச்சிருச்சான்னு கேளு" என்று கோழியைக் கேட்டால் அது என்ன பண்ணும்? சுருளிப்பட்டியிலிருந்து சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் போய் மகன் பேருக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு வந்து திருநீற்றை அவனுக்கு மட்டும் பூசுவாக.

அவுக மாதிரி வில்லை அழுத்திப் பிடித்தேன். தந்தி கத்தியது. அழுத்தம் குறையாமல், விட்டுக் கொடுக்காமல், கடைசிவரை. கர்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே "அம்மா" என்றான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தக் கூட்டத்துக்கு அடித்தளமே அத்தைதான், அவுகளை எடுத்துவிட்டால் மற்றவர்கள் காற்றில் நிற்கிறார்கள்.

4.8.2004
ஆறாவது நாற்காலிக்கு, "என்னைப் போட்டு வாசி" என்றான் கர்ணன். இவனுக்கு வயலின் பிடிக்கவே தெரியாது. பிடித்தால் எப்படி வாசிப்பான் என்று யோசித்து வாசித்தேன். ஆரம்பம் பிரமாதமாக இருக்கும். பாதியிலே கையை எடுத்துவிடுவான், அடுத்த சுரத்தில் மனசு போயிருக்கும். "நான் அப்பிடியா?" என்று கேட்டான். அப்பிடித்தான் என்றேன். நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டோம்.

18.8.2004
ஆடி முடிந்தது. ஏழாவது நாற்காலி என்னுடையது. எல்லாருக்கும் அப்புறம் எனக்கென்று வைத்திருந்தேன். தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன் — கிறுக்கு. யாராகவும் இல்லாமல் நானாக வாசித்தேன். மேலேயிருந்து கீழே வரை எல்லாச் சுரமும்.

கர்ணன் ஏழையும் சேர்த்துக் கேட்டான். அப்புறம் என் வரியை மட்டும் நிறுத்திவிட்டுக் கேட்டான். திரும்பப் போட்டான். திரும்ப நிறுத்தினான்.

"நீ தனியாத் தெரியுற மணி. கூட்டம் கலைஞ்சு போகுது."

அழித்துவிட்டான். மெட்ராஸில் உனக்குத் தனியாக சோலோ வைக்கிறேன், கூட்டத்தில் எதற்கு நீ என்றான். நியாயம்தான். காதுக்கு எனக்கும் தெரிந்தது, ஆறு பேர்தான் சரி. வீட்டுக்கு வந்து பூவைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை.

9.9.2004
கேசட் கம்பெனிக்காரர் வந்து கேட்டார். எந்த ஊர்ப் பார்ட்டி, மதுரையா, மெட்ராஸா என்று விசாரித்தார். கர்ணன் சும்மா சிரித்தான். நான் டீ கொடுத்தேன்.

27.11.2004
மெட்ராஸிலிருந்து போன். புதிதாக ஒரு மியூசிக் டைரக்டர், கேசட்டைக் கேட்டிருக்கிறார். அந்த வயலின் கூட்டத்தோடு வா என்கிறாராம். இவன் வீடு முழுக்க நடக்கிறான். அத்தை கோழியிடம்கூடப் பேசவில்லை, மகனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாக. என் தலையையும் சேர்த்துத்தான் சுற்றினாக என்று நினைக்கிறேன், கை அகலமாகப் போச்சு.

2.1.2005
ஏற்றிவிட்டு வந்தேன். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். கம்ப்யூட்டர் ஆட்டம் கண்டால் எல்லாம் போய்விடும் என்று அதற்கு ஒரு ஜன்னல் சீட் போட்டிருந்தான். துண்டு சுற்றி, கயிறு கட்டி, பிள்ளை மாதிரி உட்கார வைத்தான். எனக்கு சீட் போடவில்லை. ரூம் பார்த்ததும் கூப்பிடுகிறேன், ஒரு மாதம், மிஞ்சினால் ரெண்டு மாதம் என்றான். பஸ் கிளம்பும்போது எனக்குக் கை காட்டிவிட்டு உடனே திரும்பிக் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டான்.

14.2.2005
போன் பேசினான். ரூம் சின்னதாம். கொஞ்சம் பொறு என்றான்.

30.4.2005
கொஞ்சம் பொறு.

6.8.2005
நானே மெட்ராஸ் வரட்டுமா, ரெண்டு நாள் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். பாட்டு நிறைய, ஸ்டுடியோவிலேயே படுக்கிறேன், வந்து எங்கே தங்குவாய் என்றான். அந்த சோலோ என்னாச்சு என்று கேட்கலாமென்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பொறு என்பான், அதைக் காதால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். வயலின் பெட்டியைத் திறந்து எத்தனை நாளாச்சு. யாருக்காகத் திறப்பது?

13.1.2006
வந்துவிட்டான்! பொங்கலுக்கு வந்துவிட்டான். காலையில் வாசலில் பையோடு நிற்கிறான், மெலிந்து, தாடியோடு. நான் கோலமாவுக் கையோடு அப்படியே நின்றேன். அத்தை, "கூப்பிடேன் உள்ள" என்று என்னிடம் நேரே சொன்னாக. இந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல் தடவை.

சாப்பிட்டதும் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். குட்டைச் சுரங்கள் போதவில்லையாம். வேகமான பாட்டுக்கு வில்லைத் தட்டித் தட்டி வாசிக்கிற மாதிரி வேண்டுமாம், ஆறு பேருக்கும். "நீதான் மணி அவுகளை உள்ள கொண்டாரணும், வேற யாரால முடியும்?" என்றான். சந்தோஷமாக இருந்தது எனக்கு. அதற்காகத்தான் வந்திருக்கிறான் என்று அப்போது உறைக்கவே இல்லை.

14.1.2006
பொங்கல். சந்தனம்மாள், மலையம்மாள், முத்துப்பேச்சி முடிந்தது. மெத்தையெல்லாம் எலி கடித்துப் பஞ்சு பறக்கிறது, இருந்தாலும் அதே ரூம், அதே நாற்காலி, அதே இவன். மத்தியானம் கரும்பு கடித்துக்கொண்டே கேட்டோம். நான் எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டேன். பார்ப்போம் என்றான்.

15.1.2006
இதை எழுதாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். முடியலை.

இவன் மாட்டைக் கழுவ ஆத்துக்கு ஓட்டிப் போயிருந்தான். செல்போன் பாயில் கிடந்து அடித்தது. அத்தை எடுத்தாக. பேசிவிட்டு நேரே என்னைத் தேடி வந்தாக. நான் அடுப்படியில் இருந்தேன்.

"ஒரு பொம்பளைப் பிள்ள. வீட்டுக்கு எப்ப கிளம்புறாருன்னு கேட்டுச்சு. எந்த வீட்டுக்குன்னேன். நம்ம வீட்டுக்குன்னுச்சு. நான் அவன் ஆத்தா பேசுறேன்னேன். வச்சிருச்சு."

இதைக் கோழியிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாக.

வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை, அது ஒன்றுதான் மிச்சம். பெரிய பாடகிகள் வருமுன் மாதிரிக்கு டிராக் பாடுகிற பெண்ணாம். பழகிப்போச்சாம். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை மணி என்றான். குறை இருந்தால்கூடச் சரி பண்ணியிருப்பேனே! குறையே இல்லைன்னா நான் என்னத்தைப் பண்ணித் தொலைக்கிறது?

அத்தை உலக்கையை எடுத்துக்கொண்டு வந்துட்டாக. "ஏலே, வெளிய போடா." நான்தான் பிடிச்சு நிறுத்துனேன்.

16.1.2006
வாசித்தேன். ஆமாம், இன்றைக்கும் போய் வாசித்தேன். மோட்டார் ஓடாத நேரம் பார்த்து, மிச்சமிருந்த மூன்று பேரையும். ரஹ்மத் அக்கா, அத்தை, அவன்.

ஏன் வாசித்தேன்? மற்றவர்களுக்குக் குட்டைச் சுரம் இருக்கும்போது இந்த மூன்று பேரை அம்போ என்று விடக் கூடாது என்று நினைத்தேன்.

பொய். அவனுக்காகத்தான். வாசிச்சு முடிச்சா மனசு மாறிரும்னு நெனச்சேன். ஹெட்ஃபோன்ல நான் வாசிக்கிறதுதானே அவனுக்குக் கேக்குது, அந்தக் காதுக்குள்ள நான் மட்டும்தானே இருக்கேன், இறங்கிராதான்னு நெனச்சேன். எம்புட்டுக் கிறுக்கி நான்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து பாதியில் வில்லை எடுத்தேன். நடிக்கவே தேவைப்படவில்லை, கை தானாக நின்றது. நல்லா வந்திருக்கு என்றான். கடைசியாக ஏழாவது நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு சுரம் நீட்டி வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் லேப்டாப்பை மூடி உறையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

17.1.2006
போயிட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை.

3.3.2006
ரூமைக் காலி பண்ணினோம். மெத்தையைப் பிரித்து வெயிலில் போட்டு, நல்ல பஞ்சை எடுத்து ரஹ்மத் அக்காவுக்கும் அத்தைக்கும் தலையணை தைத்தேன். ரஹ்மத் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாக. நாற்காலியை எல்லாம் அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

11.6.2006
அம்மா வீட்டிலிருந்து அண்ணன் வந்தார், கூட்டிப்போக. இனி இங்கன என்ன இருக்கு உனக்கு என்றார். நியாயமான கேள்வி. துணிகூட எடுத்து வைத்தேன். அத்தை வாசலில் உட்கார்ந்து திராட்சைக்குலையில் அழுகல் பார்த்துக்கொண்டிருந்தாக, தலை நிமிரவில்லை. சாயங்காலத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்கணும், அரிசி அளந்துட்டேன் என்றாக. யாரிடம் சொன்னாக என்று சுற்றிப் பார்த்தேன். கோழி அங்கே இல்லை.

அண்ணன் தனியாகத்தான் போனார்.

24.12.2006
எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் போனேன். பின்னால் தூண் ஓரமாக நின்று கேட்டுவிட்டு வந்தேன். சந்தனம்மாள் பெரியம்மா பாடியது. குரல் இப்போது எல்லா வரியிலும் நடுங்குகிறது. பாட்டு முடிவதற்குள் வெளியே வந்துவிட்டேன். உள்ளே எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

21.7.2007
ஆடி முதல் சனி. குச்சனூருக்குக் கூட்டமாக இருக்கும், துணைக்கு வா என்று அத்தை பிடிவாதம். எனக்கும் சனீஸ்வரனுக்கும் என்ன இருக்கிறது? ஆனாலும் போனேன். அவன் மெட்ராஸ் போய் ரெண்டரை வருஷமாகியும் அர்ச்சனை இன்னும் மகன் பேருக்குத்தான் நடக்கிறது. அவனுக்கு ஜென்மச் சனியாம், அதனால்தான் புத்தி கெட்டுப்போச்சாம். சனி போனால் திரும்பி வந்துவிடுவான் என்று ஒரு நம்பிக்கை அவுகளுக்கு. நான் அதைக் கலைப்பதில்லை.

உத்தமபாளையம் தாண்டியதும் டிரைவர் பாட்டை மாற்றினார். புதுப் படம். ரெண்டு வரி பல்லவி, நின்றது. அப்புறம் வயலின்கள்.

கேட்ட உடனே தெரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முதலில் அந்த அழுத்தம். முத்துப்பேச்சி முந்திக்கொண்டு ஓடுகிறாள், மலையம்மாள் ஆடி அசைந்து பின்னால் வருகிறாள். என்ன அழகாக வந்திருந்தது! பஸ்ஸே அதில் மிதந்தது. முன் சீட்டுக்காரர் தாளம் போட்டார். என் கை, என் வில், என் மூச்சு, எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, நான் இங்கே தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அழுதிருக்கிறேன் போல. அத்தை என்னத்தா, என்னத்தா என்று தோளை உலுக்கினாக. அவன் போட்ட பாட்டு என்றேன். அந்த வயலின் யார் வாசிப்பது என்று கேட்டாக.

"ஆறு பேரு வாசிக்கிறாக அத்தை. நீங்களும் இருக்கீக."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலிகளை, ஒவ்வொரு ஆளையும். இந்த அழுத்துற சத்தம் நீங்கதான், விடவே மாட்டீக என்றேன். கோபப்படுவாக என்று நினைத்தேன். காதைச் சாய்த்துக் கேட்டாக. என் மகன் இருக்கானா என்றாக. இருக்காரு, பாதியில் கையை எடுக்கிறார் பாருங்கள், இதோ, இதோ என்று காட்டினேன். அத்தைக்கு அது கேட்டதோ என்னவோ, தலையை ஆட்டினாக.

பாட்டு முடிகிற நேரத்தில்தான் கேட்டாக. "நீ எங்கனத்தா இருக்க?"

"நான் இல்ல அத்தை. என்னை எடுத்துட்டாக."

அத்தை என் மடியிலிருந்த தேங்காய்ப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாக.

வரிசையில் ரொம்ப நேரம் நின்றோம். எங்கள் முறை வந்தது. அத்தை எள் விளக்கை வைத்துவிட்டுத் தட்டை நீட்டினாக. பூசாரிக்கு இவுகளை வாரா வாரம் பழக்கம், கேட்காமலே "கர்ணன், பூச நட்சத்திரம்" என்று ஆரம்பித்தார். அத்தை தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாக.

"இல்ல சாமி. ராஜமணின்னு சொல்லுங்க."

நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

"நம்ம பிள்ளைதான். வேதக்காரப் பிள்ளை, நட்சத்திரமெல்லாம் தெரியாது. பேரை மட்டும் சொல்லுங்க, போதும்."

பின்னால் கூட்டம் தள்ளிக்கொண்டு நின்றது. அவர் சொன்னார். வெளியே வந்து திருநீற்றை என் நெற்றியில் பூசினாக, நான் தடுக்கவில்லை. ரெண்டு பேரும் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ் பிடித்தோம்.